தயிர்ச் சட்டியில் இருக்கிற பெப்தைட்டும் சித்தப்பாவின் காலும்

09.01.2025, காலை. முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கத்து வாசகர் கேட்டது:
வீட்டு எருமைத் தயிரில் இருக்கிற பற்றீரியா ஒரு பெப்தைட்டைச் சுரக்கிறதாம், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியையும் அது கொல்லுமாம், அதற்கு எதிர்ப்பு எடுக்கக் கிருமியால் முடியவே முடியாதாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா? உண்மையென்றால் ஏன் ஆஸ்பத்திரியில் இதைக் கொடுப்பதில்லை? மாமாவுக்குக் காலில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. பூசிப் பார்க்கலாமா?

09.01.2025, மாலை
பூச வேண்டாம். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், பால் எடுக்கிறவர் வந்து நிற்கிறார்.

10.01.2025
சரி, இப்போது ஆறுதலாக. வீடியோ சொன்னதில் முதல் பகுதி உண்மை, இரண்டாம் பகுதி பாதி உண்மை, மூன்றாவது பொய். நான் துணுக்காய்ப் பக்கம், வீட்டில் எருமைப் பட்டி இருக்கிறது, கம்பஸில் உயிரியல் படித்துவிட்டு இப்போது பின்னேரங்களில் ரியூசன் எடுக்கிறேன், காலையில் தயிர்ச் சட்டி அடுக்குகிறேன். ஆகவே இந்தக் கேள்வியில் எனக்கு இரண்டு பக்கமும் ஆசை இருக்கிறது. தயிர் மருந்து என்று நிரூபணமானால் எங்கள் சட்டிக்கு விலை கூடும். அதனால்தான் என்னையே கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

பாலைத் தயிராக்கும் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்களில் சில, அமிலத்தோடு சேர்த்துச் சிறு புரதத் துண்டுகளையும், அதாவது பெப்தைட்டுகளையும், வெளியே விடுகின்றன. பற்றீரியோசின் என்று பெயர். அவற்றில் மூத்ததும் பெயர்பெற்றதும் நிசின். லக்டோகொக்கஸ் லக்டிஸ் என்ற பற்றீரியாவின் சில இனங்கள் செய்வது, 34 அமினோ அமிலம், உடம்பில் ஐந்து வளையம். அதன் தடயம் முதன்முதலில் எழுதப்பட்டது 1928 இல், ஃபிளெமிங் பெனிசிலின் பூஞ்சையைக் கவனித்த அதே ஆண்டு. ஒரு பால் பற்றீரியா இன்னொரு பால் பற்றீரியாவை வளரவிடாமல் தடுக்கிறது என்பதுதான் அப்போது கண்டது. அதாவது எங்களைக் காப்பாற்றுவதற்காக அது மருந்து செய்யவில்லை, ஒரே சட்டிப் பாலுக்கு அடிபடுகிற பங்காளியை விரட்டத்தான் செய்கிறது. காணிச் சண்டை மாதிரி.

பெயர் 1947 இல் வந்தது. என் தொகுதி ஸ்ட்ரெப்டோகொக்கஸ் (லக்டோகொக்கஸின் அன்றைய பெயர்) சுரக்கும் தடுப்புப்பொருள் என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்தது. என் தொகுதி என்றால் என்னுடைய தொகுதி இல்லை, அது ஆங்கில எழுத்து. ரியூசனில் ஒரு பிள்ளை உண்மையாகவே இதைக் கேட்டது.

11.01.2025
"அப்போ ஏன் மருந்தாக வரவில்லை" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். ஆசைப்பட்டார்கள், சரிவரவில்லை. நிசின் புளிப்பில்தான் நன்றாகக் கரையும், நிலைத்தும் நிற்கும். இரத்தம் போன்ற நடுநிலையான இடத்தில் கரைவது குறைவு. வாயால் விழுங்கினால் சிறுகுடலில் இருக்கிற புரதம் உடைக்கும் நொதியங்கள் அதையும் சோற்றுப் பருப்புப் புரதம் மாதிரி வெட்டிவிடும். ஆகவே 1950களிலேயே அது சீஸ் பக்கம் போய்விட்டது. 1969 இல் உலக சுகாதார நிறுவனம் உணவில் சேர்க்கலாம் என்று ஏற்றது, ஐரோப்பிய உணவுச் சேர்பொருள் இலக்கம் ஈ 234, அமெரிக்காவில் அனுமதி 1988 இல். தாளில் சுற்றி வருகிற முக்கோணச் சீஸ் வகைகளில் சேர்ப்பார்கள், சூடாக்கினாலும் சாகாமல் வித்தியாகக் கிடந்து பிறகு முளைக்கிற கிளொஸ்ரிடியம் போன்றவற்றை அடக்குவதற்கு.

குடல் வெட்டிவிடுகிறது என்பது உணவுக்கு நல்லது, மருந்துக்குக் கெட்டது. அதே குணம்தான், பார்க்கிற இடம் வேறு.

13.01.2025
மருந்தெதிர்ப்புக் கிருமியை நிசின் எப்படிக் கொல்கிறது என்பதை எழுதாமல் விட்டால் இந்த இழைக்கு அர்த்தமில்லை, ஏனென்றால் அழகு அங்கேதான்.

பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டுகிறபோது உள்ளே அறுத்த கல்லை மென்சவ்வைத் தாண்டி வெளியே கொண்டுவர ஒரு தூக்குகாரன் வேண்டும். கல்லைச் சுமக்கிற நிலையில் அவன் பெயர் லிப்பிட் இரண்டு (II). கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, சுவரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போவான். வன்கோமைசின் என்ற பெரிய மருந்து என்ன செய்கிறதென்றால், கல்லின் நுனியைப் பிடித்துக்கொள்கிறது (அந்த நுனியில் டி-அலனீன் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும்), கல் சுவரில் ஏறாது. சில என்டரோகொக்கஸ் கிருமிகள் அந்த நுனியை மாற்றிக்கொண்டன, கடைசி டி-அலனீனுக்குப் பதில் டி-லக்டேற். பிடி வழுக்கிவிட்டது. இதுதான் வன்கோமைசினுக்கு அடங்காத என்டரோகொக்கஸ், 1980களின் கடைசியில் வெளியே தெரியவந்தது.

நிசின் கல்லின் நுனியைத் தொடுவதே இல்லை. அது தூக்குகாரனின் கழுத்தைப் பிடிக்கிறது, பைரோபொசுபேற்று இருக்கிற இடம். நுனியை எவ்வளவு மாற்றினாலும் கழுத்து அதே கழுத்து. அதோடும் நிற்பதில்லை. எட்டு நிசினும் நாலு தூக்குகாரரும் சேர்ந்து மென்சவ்வில் ஒரு துளை போடுகிறார்கள், உள்ளே இருப்பது வெளியே ஒழுகிப் போகிறது. ஒரே மூலக்கூறு சுவர் வேலையையும் நிறுத்தி, வீட்டையும் பொத்தலாக்குகிறது. முதன்முதல் இதை வாசித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு மறந்துபோனது, பொய்யில்லை.

15.01.2025, பட்டிப்பொங்கல்
இன்று எழுத முடியாது. எருமைக்குப் பொட்டு வைக்கப் போய்ச் சேற்றில் விழுந்து எழும்பியிருக்கிறேன்.

16.01.2025
13ஆம் திகதிக் குறிப்புக்கு ஒரு பெரிய "ஆனால்" இருக்கிறது, அன்றைய உற்சாகத்தில் விட்டுவிட்டேன்.

பற்றீரியாக்களில் இரண்டு வகை வீடு. கிராம்-நேர் வகைக்குத் தடித்த மண்சுவர், ஆனால் வேலி இல்லை. கிராம்-எதிர் வகைக்குச் சுவர் மெல்லியது, ஆனால் சுற்றிவர நெருக்கமான கிடுகுவேலி, அதாவது வெளி மென்சவ்வு. நிசின் வேலியைத் தாண்டாது. ஆகவே ஸ்டஃபிலோகொக்கஸ், என்டரோகொக்கஸ், லிஸ்தீரியா இவற்றிடம் அதன் வீரம் செல்லும், ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் இவற்றிடம் தனியாகப் போனால் செல்லாது. ஈடிடிஏ என்ற பொருளைச் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் மாறும். கிடுகை இழுத்துக் கட்டியிருக்கிற கயிறு மாதிரி அந்த வெளி மென்சவ்வை மக்னீசியமும் கல்சியமும்தான் பிடித்து வைத்திருக்கின்றன, ஈடிடிஏ அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். ஆய்வுகூடத்தில் இது நடக்கிறது. ஈடிடிஏயைப் புண்ணில் ஊற்றலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதில் எங்கள் பக்கத்துக்கான விஷயம்: வயல் மண்ணில் இருக்கிற பேர்க்கோல்டெரியா என்ற கிருமியால் வருகிற மெலியோய்டோசிஸ் இலங்கையிலும் இருக்கிறது. சீனி வருத்தக்காரர் காலில் வெடிப்போடு மழைக்கால வயலில் இறங்கினால் அபாயம் கூட. அது கிராம்-எதிர், வேலி வீடு. சாதாரண மருந்துகள் பலவற்றுக்கு இயல்பாகவே அடங்காது. வாசகரே, உங்கள் மாமாவுக்குச் சீனி வருத்தம் உண்டா, வயல் வேலை செய்கிறவரா? இரண்டும் ஆம் என்றால் இந்த இழையை மூடிவிட்டு முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் இரத்தத்தையும் புண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

17.01.2025
சீனி உண்டு, வயலும் உண்டு என்று பதில் வந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரி போகிறார்கள். நல்லது.

19.01.2025
"எதிர்ப்பு எடுக்கவே முடியாது" என்ற பகுதி. இதுதான் எனக்கு ஆகவும் எரிச்சல் தந்தது.

முதலாவது, நிசினைச் செய்கிற பற்றீரியாவே நிசினால் சாகாமல் இருக்கிறதே, எப்படி? அதற்குத் தனிக் காப்புப் புரதம் வைத்திருக்கிறது, மென்சவ்வுக்கு வந்த நிசினைத் திருப்பி வெளியே தள்ளுகிற பம்பும் வைத்திருக்கிறது. அப்படியென்றால் எதிர்ப்பு என்பது இயற்கையில் ஏற்கெனவே எழுதிவைத்த பாடம். நிசினை வெட்டுகிற நொதியம் வைத்திருக்கும் கிருமிகளும் இருக்கின்றன. இரண்டாவது, கொலிஸ்ரினும் ஒரு பெப்தைட்டுத்தான், தயிர்க் கிருமி செய்வதல்ல, வேறு மண் பற்றீரியா செய்வது. கடைசிக் கையிருப்பு என்று வைத்திருந்த மருந்து. 2015 இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளரிடமும், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய கொலிஸ்ரின் எதிர்ப்பு மரபணுவைக் கண்டார்கள். அது பண்ணைகளில் அளவில்லாமல் கொடுக்கப்பட்ட மருந்து. பெப்தைட்டு என்பதற்காகக் கிருமி மரியாதை தரவில்லை.

எதிர்ப்பு வருவது மெதுவாக இருக்கலாம், தூக்குகாரனின் கழுத்தை மாற்றுவது கல்லின் நுனியை மாற்றுவதைவிடக் கஷ்டம். அவ்வளவுதான் சொல்லலாம்.

26.01.2025
ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார்: "நீங்கள் தயிரை ஆய்வுகூடத்தில் பார்த்ததுண்டா, அல்லது வாசித்ததை எழுதுகிறீர்களா?" நியாயமான கேள்வி, கொஞ்சம் குத்தினாலும்.

பார்த்தேன். கடைசி வருஷ ஆய்வுக்கு அம்மம்மாவின் உறையைத்தான் ஒரு போத்தலில் கொண்டுபோனேன், ஏ9 வீதியில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஆசனத்து அக்கா என்ன தம்பி மணக்குது என்று கேட்கக் கேட்க. கிருமி வளர்க்கிற ஏகார்க் கூழ் ஊற்றின பெத்திரிக் கிண்ணத்தில் ஸ்டஃபிலோகொக்கஸைப் பரப்பி, நடுவில் குழி வெட்டி, தயிர்க் கிருமி வளர்ந்த திரவத்தை வடித்துக் குழியில் விட்டேன். மறுநாள் பார்த்தால் குழியைச் சுற்றித் தெளிந்த வட்டம், கிருமி இல்லை. நான் வீட்டுக்கு அழைப்பெடுத்து அம்மம்மாவிடம் உங்கட உறையில மருந்து இருக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் அயலெல்லாம் சொல்லிவிட்டார்.

பிறகு மேற்பார்வை செய்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அமிலத்தை நடுநிலையாக்கினீரா? இல்லை. சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு நடுநிலையாக்கித் திரும்பச் செய்தேன். வட்டம் போய்விட்டது. என் மருந்து வெறும் புளிப்பு. அதற்குப் பிறகும் வட்டம் நின்றிருந்தால்கூட அது தயிர்க் கிருமி விடுகிற ஐதரசன் பேரொட்சைட்டால் வந்ததில்லை என்று காட்ட வேண்டும், புரதம் வெட்டும் நொதியம் விட்டால் வட்டம் மறைகிறதா என்று பார்க்க வேண்டும், மறைந்தால்தான் பெப்தைட்டு என்ற பேச்சே. அந்த வீடியோக்காரர் காட்டின வட்டத்தில் இதில் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

அம்மம்மாவிடம் திருத்தம் சொல்லப் போனபோது அவர், புளிப்பு எண்டால் என்ன, கிருமி செத்ததுதானே என்றார். அது சரிதான். பாலைக் கெடாமல் வைத்திருக்கிற பெரும் வேலையை அமிலம்தான் செய்கிறது.

27.01.2025
நேற்று எழுதினதில் ஒரு தவறான தொனி வந்துவிட்டது. எங்கள் உறையில் பெப்தைட்டு இல்லை என்று நான் நிரூபிக்கவில்லை. அந்த ஒரு கிருமிக்கெதிராக, நான் வளர்த்த முறையில், தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டு உறையிலும் இருக்கிற இனங்கள் வேறு வேறு. லக்டோகொக்கஸ் எல்லாமே நிசின் செய்வதில்லை. பெடியோகொக்கஸ் செய்யும் பெடியோசினை எடுத்தால், அது லிஸ்தீரியாவைத் தேடிப்பிடித்து அடிக்கும், மற்றவற்றில் பலதைத் திரும்பியும் பார்க்காது. எந்தக் கிருமியை எதிரே வைத்தோம் என்பதைப் பொறுத்தே விடை.

02.02.2025
இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இவ்வளவு நாளும் சுற்றிச் சுற்றி எழுதினேன்.

போன வருஷம் ஒரு கிழமை எங்கள் பால் உறையவில்லை. காலையில் அம்மா சட்டியைத் தட்டிப் பார்த்து, உறையேல்லையடா என்றார். தண்ணி மாதிரி, மேலே ஒரு ஆடை மட்டும். அம்மம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றினார். நான் உறை பழசாகிவிட்டது என்று அயல் வீட்டில் புது உறை வாங்கினேன். அதுவும் உறையவில்லை. மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது, ஒரு எருமைக்கு மடிவீக்கம் என்று முலைக்காம்புக்குள் மருந்துக் குழாய் ஏற்றியிருந்தோம். அதன் பாலைத் தனியாக ஊற்ற வேண்டும் என்று மாட்டு டொக்டர் சொல்லியும், கறக்கிற பொடியன் மறந்துபோய் எல்லாவற்றையும் ஒரே வாளியில் சேர்த்துவிட்டான். அவனுக்கு ஒழுங்காகச் சொல்லாதது நான்.

தயிர்க் கிருமிக்கு அன்டிபயோட்டிக் ஆகாது, மிகச் சிறு அளவே போதும், படுத்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் பெனிசிலின் வகை பெரும்பாலும் அப்படியே நிற்கும். பெரிய பாற்சாலைகளில் பாலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைகளில் ஒரு வகை இதே தத்துவம்தான், ஒரு பற்றீரியாவைப் பாலில் விட்டு அது வளர்கிறதா என்று நிறமாற்றத்தில் பார்ப்பார்கள். அம்மம்மாவின் சட்டி அதைத்தான் இலவசமாகச் செய்து காட்டியது, நாங்கள் மிளகாய் சுற்றினோம்.

உறையாத அந்தப் பாலை என்ன செய்தோம்? கன்றுக்குக் குடிக்க விட்டோம். அதுவும் பிழை. கன்றின் குடலில் இருக்கிற கிருமிகளுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து காட்டிப் பழக்குவது அது.

03.02.2025
திருத்தம், இரண்டு பேர் சரியாகவே சுட்டினார்கள். பால் உறையாததற்கெல்லாம் மருந்துதான் காரணம் என்று எடுக்க வேண்டாம். மார்கழி தைக் குளிரில் தானாகவே மெதுவாகும், சட்டியைச் சாக்கால் சுற்றி அடுப்படியில் வைப்பது அதற்குத்தான். பற்றீரியாவைத் தின்னும் வைரசு புகுந்தாலும் உறையாது, சீஸ்காரருக்கு அது பெரிய தலைவலி. பால் கொதிக்கக் கொதிக்க உறையை விட்டாலும் கிருமி வெந்துவிடும். எங்கள் விஷயத்தில் மருந்து என்று எப்படித் தெரியும்? அந்த எருமையின் பாலை ஒரு சட்டியிலும் மற்றவற்றின் பாலை இன்னொரு சட்டியிலும் ஒரே உறை விட்டு வைத்தோம். ஒன்று உறைந்தது, ஒன்று உறையவில்லை. பாலை எடுக்கக்கூடாது என்று மருந்துக் குழாயில் எழுதியிருந்த நாள்கள் கழிந்ததும் அதுவும் உறைந்தது. கம்பஸ் ஆய்வைவிட ஒழுங்கான ஆய்வு இது.

16.02.2025
சித்தப்பாவைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அவரிடமே கேட்டேன். எழுது, பேரைப் போடாதே என்றார்.

2009 இல் யுத்தத்தில் இடது காலில் செல் (பீரங்கிக் குண்டு) துண்டு பட்டது. ஒரு துண்டு இன்னும் உள்ளே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழங்காலுக்குக் கீழே சிவந்து, ஒரு துளை திறந்து, சீழ் வரும். எலும்பில் கிருமி. உலோகத்திலும் செத்த எலும்பிலும் கிருமிகள் ஒரு பிசின் போர்வை போர்த்துக்கொண்டு இருக்கும், மருந்து உள்ளே போவது கஷ்டம். வலி கூடின நாள்களில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும் என்று, பாமசியில் கப்சூல் வாங்கி இரண்டு நாள் போடுவார், வலி விட்டதும் நிறுத்துவார். மிச்சத்தை அடுத்த முறைக்கு அலுமாரியில் வைப்பார். பல முறை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது நான்தான், உயிரியல் படித்த நான்.

போன வருஷம் சீழைச் சோதித்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது பல மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகொக்கஸ். மருந்துப் பெயர் வரிசையாக, பக்கத்தில் எதிர்ப்பு, எதிர்ப்பு, எதிர்ப்பு. கீழே ஒன்றிரண்டுக்கு மட்டும் கேட்கும் என்று இருந்தது. வன்கோமைசின் ஊசி வாரக்கணக்கில், செத்த எலும்பைச் சுரண்டி எடுக்க ஒரு சத்திரசிகிச்சை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் நிசின் பற்றி இவ்வளவும் வாசித்தேன், ஏனென்றால் ஆய்வுகூடக் கிண்ணத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ.யை நிசின் கொல்கிறது. கிண்ணத்தில். எலும்புக்குள் கொண்டுபோக இன்னும் ஆளில்லை. வீடியோ பார்த்து ஆசைப்பட்ட வாசகரை நான் ஏன் திட்டவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

17.02.2025
"சுத்தமான தயிர்தானே, பூசினால் என்ன கெடும்" என்று இன்னொருவர். சட்டித் தயிர் கிருமி நீக்கின பொருள் இல்லை. அதில் இலற்றிக் அமிலப் பற்றீரியாவோடு மதுவமும் (ஈஸ்ட்) இருக்கும், கறந்த கை, வாளி, ஈ எல்லாவற்றின் மிச்சமும் இருக்கும். வயிற்றுக்கு அது பரவாயில்லை, திறந்த எலும்புக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

அதோடு ஒரு குடும்ப இரகசியம். 13ஆம் திகதி நான் வில்லனாகக் காட்டின என்டரோகொக்கஸ் இருக்கிறதே, அதுவும் இலற்றிக் அமிலப் பற்றீரியாதான், பச்சைப் பாலில் சாதாரணமாக இருக்கிறது. தயிர்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன். கல்லின் நுனியை டி-லக்டேற்றாக மாற்றுகிற தந்திரமும் புதிதில்லை, லக்டோபசிலஸ் பலவற்றுக்கு அது பிறப்பிலேயே உண்டு, வன்கோமைசின் அவற்றை ஒன்றும் செய்யாது. அது அவற்றின் சொந்த நிறமூர்த்தத்தில் இருப்பதால் மற்றவற்றுக்கு இலேசில் கைமாறாது. ஆனால் தெத்திராசைக்கிளின் எதிர்ப்பு போன்ற கைமாறக்கூடிய மரபணுக்களும் சில தயிர்க் கிருமிகளில் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு பற்றீரியாவை உணவில் சேர்க்க விண்ணப்பித்தால் இதையும் கட்டாயம் பார்ப்பது அதனால்தான். அங்கே அவோபார்சின் என்ற வன்கோமைசினின் உறவு மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சிக்காகக் கொடுத்து, அந்த என்டரோகொக்கஸ் பண்ணைகளில் பெருகி, 1997 இல் தடை செய்தார்கள். மாட்டுக்குக் கொடுத்த மருந்து மாட்டோடு நிற்பதில்லை.

01.03.2025
நல்ல செய்தி ஏதாவது எழுது என்று அம்மா. நிசின் மாட்டுப் பக்கம் வந்துவிட்டது அம்மா. கறக்க முன்னும் பின்னும் முலைக்காம்பைத் துடைக்கிற திரவங்களில், துணிகளில் அதைச் சேர்த்து வெளிநாடுகளில் விற்றிருக்கிறார்கள். மடிவீக்கத்துக்குக் காரணமான கிருமிகளில் முக்கியமானவை ஸ்டஃபிலோகொக்கஸும் ஸ்ட்ரெப்டோகொக்கஸும், இரண்டும் வேலியில்லாத வீடு. மடியின் மேற்தோல் வெளியே இருக்கிறது, குடல் நொதியமும் இல்லை, இரத்தமும் இல்லை. நிசினுக்குத் தோதான இடம். மனிதனின் எலும்புக்கு முன் எருமையின் மடிக்குத்தான் அது உதவும் என்பது என் எண்ணம். அயர்லாந்தில் கேஃபிர் என்ற புளித்த பாலின் உறைக்கட்டியிலிருந்து எடுத்த லக்டிசின் 3147 என்ற இரட்டைப் பெப்தைட்டையும் பசுவின் காம்பில் சோதித்திருக்கிறார்கள்.

அதுவரை எங்கள் பட்டியில் செய்வது: கறக்க முன் கை கழுவல், ஒவ்வொரு எருமைக்கும் தனித் துணி, வீக்கமுள்ளதைக் கடைசியில் கறத்தல், மருந்து ஏற்றினதன் கொம்பில் சிவப்புத் துணி கட்டல். பொடியனுக்கு இனி மறக்காது.

08.03.2025
பனங்கள்ளிலும் இலற்றிக் அமிலப் பற்றீரியா இருக்கிறதே, அதைப்பற்றியும் எழுதச் சொல்லி மல்லாவியிலிருந்து மூன்று பேர். இருக்கிறது. மதுவமும் இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் பெப்தைட்டுக்காகக் குடிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

22.03.2025
ஒட்டுசுட்டான் வாசகரிடமிருந்து: மாமாவின் புண்ணில் மெலியோய்டோசிஸ் இல்லை, வேறு சாதாரணக் கிருமி, சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்ததுதான் ஆறாததற்குக் காரணம். கிளினிக்கில் கட்டு மாற்றுகிறார்கள், சுருங்கி வருகிறதாம். கப்சூலை முடிவு நாள் வரை போடுகிறாரா என்று அவர் மனைவி எண்ணி எண்ணிக் கொடுக்கிறாராம். அந்த மாமியை எங்கள் வீட்டுக்கும் கொஞ்ச நாள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா நேற்று வந்திருந்தார். கால் எட்டு மாதமாகத் திறக்கவில்லை. எருமைத் தயிரில் பாதிச் சட்டியைக் கித்துள் பாணி விட்டு ஒரே இருப்பில் முடித்துவிட்டு, மிச்சத்தைக் காலில் பூசவோ என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.